பகல் முழுக்க ஒரு நாற்காலி

அன்புச்செல்வியின் இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையில் படுவதைக் கடையில் வேணி பார்த்ததே இல்லை. ஒரு காலில் பாரத்தை வைத்து, மற்ற காலின் பாதத்தைக் கெண்டைக்காலில் அழுத்திக்கொண்டு நிற்பாள். கொஞ்ச நேரம் கழித்துக் கால் மாற்றுவாள். வேணி பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக அம்மாவோடு துணியெடுக்கப் போன நாளிலிருந்து அப்படித்தான். திண்டிவனத்தில் அந்த ஜவுளிக்கடையின் முதல் மாடியில், சுடிதார் பிரிவில், பதினேழு வருஷம் அவள் நின்றாள். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பதுக்குத்தான் முடியும்.

அன்புச்செல்விக்கு மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆயப் போனவர்கள். அவளுக்குப் பத்தாவதில் கணக்கு போய்விட்டது. மகளுக்கு நிழலில் நிமிர்ந்து நிற்கிற வேலை கிடைத்துவிட்டது என்று அம்மா வீரம்மாள் ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தாளாம். கல்யாணம் நடந்து, மூன்று வருஷத்தில் அது முறிந்து, அன்புச்செல்வி அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தாள். கடையில் நிற்காத நேரம் அந்த வீட்டு அடுப்படியில் நின்றாள்.

கடை ஆட்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்தபோது ஸ்டூல்கள் வந்தன. போட்டோ எடுத்தார்கள். அடுத்த வாரமே ஸ்டூல்களின் மேல் துணிப்பெட்டிகள் ஏறிவிட்டன. பெட்டியை இறக்கிவிட்டு உட்காரலாம்தான். சூப்பர்வைசர் சீனுவாசன் ஒன்றும் சொல்லமாட்டார். எதிரே வந்து நின்று பார்ப்பார். அதுவே போதும்.

வேணி அங்கே பில் போட வந்தது பி.காம். முடித்த பிறகு. அவள் குடும்பத்தில் அதுதான் முதல் டிகிரி. குரூப் ஃபோர் பரீட்சை பாஸாகிறவரைக்கும்தான் என்று சொல்லிக்கொண்டு சேர்ந்தாள், வருஷங்கள் போய்விட்டன. அந்த மாடியில் பில் போடுகிறவருக்கு மட்டும் சுழல் நாற்காலி உண்டு. முதல் நாள் அதில் கூச்சத்தோடு அவள் நுனியில் உட்கார்ந்தபோது, ஒற்றைக் காலில் நின்ற அன்புச்செல்வி சிரித்தாள். “நல்லா ஒக்காரு. அதுக்குத்தானே படிச்ச.” அதில் கேலி எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று வேணிக்கு இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

தீபாவளிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் கடைக்கு லீவு. வருஷத்தில் சேர்ந்தாற்போல் கிடைக்கிற இரண்டு நாள். இரண்டாம் நாள் அன்புச்செல்வி, வேணி, புடவைப் பிரிவின் பாஞ்சாலி, பானுப்ரியா நாலு பேரும் புளிச்சோறு கட்டிக்கொண்டு மரக்காணம் தாண்டி ஒரு குப்பத்துக் கடற்கரைக்குப் போவார்கள். அலையில் நின்று கத்துவார்கள். ஆனால் அன்புச்செல்வி மட்டும் முதல் நாளே தனியாக அந்தப் பக்கம் ஒருமுறை போய்விட்டு வந்திருப்பாள். யாரோ ஆள் இருக்கிறான் என்று பாஞ்சாலி முடிவுகட்டியிருந்தாள். உப்பளத்து மேஸ்திரி சௌக்கியமா என்று கேட்பாள். மேஸ்திரி உன்னைத்தான் விசாரித்தார் என்பாள் அன்புச்செல்வி.

எங்கே இறங்குவாள் என்பதை வேணியிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருந்தாள். சர்ச்சுக்குப் பின்னால், சவுக்குத்தோப்பு ஓரம். “யாராண்டயும் சொல்லாத.”

இரண்டு வருஷத்துக்கு முந்தைய தீபாவளி வாரத்தில் அவள் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. நரம்புகள் கறுத்துப் புடைத்திருந்தன. இந்தக் காலோடு தனியாகப் போய் எங்கேயாவது விழுந்துவைத்தால் என்று பாஞ்சாலி பயந்தாள். நாமும் முதல் நாளே போய் முன்னால் நிற்போம், சந்தோஷப்படுவாள் என்றாள் பானுப்ரியா. ஆனால் இடம் தெரியவேண்டுமே. வேணி சொல்லிவிட்டாள். அக்கறையில் சொன்னாளா, தனக்கு மட்டும் தெரியும் என்று காட்டிக்கொள்ளச் சொன்னாளா என்று பிற்பாடு பல நாள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

போய்ச் சேரும்போது காலை பத்தரை. மழை இருட்டு கட்டியிருந்தது. அலை வந்து தொட்டுப்போகிற இடத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அன்புச்செல்வி. இரண்டு பாதங்களும் சேர்ந்து ஈரமணலில் பதிந்திருந்தன. பக்கத்தில் யாரும் இல்லை, கையில் போன்கூட இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பாஞ்சாலி பின்னால் போய்க் கண்ணைப் பொத்தினாள். அன்புச்செல்வி பதறி எழுந்தாள். எழுந்த கையோடு நாற்காலியை இவர்கள் பக்கம் திருப்பிப் போட்டு, “வாங்க, ஒக்காருங்க” என்றாள். மாடியேறி வருகிற வாடிக்கையாளரிடம் சொல்லும் அதே குரல். பானுப்ரியா உட்கார்ந்தாள். அன்புச்செல்வியின் ஒரு கால் தானாகத் தரையை விட்டு எழும்பியது.

நாற்காலி கொடுத்த டீக்கடை அந்தோணிசாமி, இன்னும் மூன்று வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். “இத்தினி வருசமா ஒத்த சேருதாம்மா. மொத பஸ்ஸுல வரும், கடைசி பஸ்ஸுக்குத்தான் எந்திரிக்கும். டீ கூட நாந்தான் கொண்டாந்து குடுப்பேன்.” பாஞ்சாலி அதற்குப் பிறகு மேஸ்திரியைப் பற்றிப் பேசவில்லை.

மிச்சப் பகல் எப்போதும்போல் கழிந்தது. அன்புச்செல்வி நின்றபடியே எல்லோருக்கும் சோறு பரிமாறினாள், போட்டோவில் சிரித்தாள். திரும்பும் பஸ்ஸில் வேணி மெதுவாகக் கேட்டாள்.

“ஏங்க்கா, வீட்ல ஒக்கார முடியாதா?”

“ஒக்காரலாம். ஒக்காந்த ஒடனே யாரனா கூப்புடுவாங்க.” ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். “வருசத்துக்கு ஒரு நாளுடி. அத நீ எட்த்துக்கினே. நீ எனக்கு ஒரு நாள் தரணும்.”

“தர்றேங்க்கா. அடுத்த வருசம் நானே காவலுக்கு நிக்கிறேன். ஒருத்தரும் வரமாட்டாங்க.”

“பாக்கலாம்.”

அடுத்த ஆடித் தள்ளுபடியின்போது கணுக்காலில் புண் வைத்தது. அதன்மேல் துணி சுற்றிக்கொண்டு நின்றாள். வேணி ஒருநாள் எழுந்து தன் நாற்காலியைக் காட்டினாள். அப்படியானால் பில்லை யார் போடுவது என்றார் சீனுவாசன். வேணி உட்கார்ந்துகொண்டாள். இன்னொரு முறை எழுந்திருக்கவில்லை. சீனுவாசன் மட்டும்தான் காரணமா என்று இப்போது யோசிக்கிறாள்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அன்புச்செல்வி மாடிப்படியில் மூச்சுவாங்கிச் சரிந்தாள். முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்றார்கள் டாக்டர்கள். அவர்களும் ஓடியாடிப் பார்த்தார்கள். மறுநாள் வேணி போனபோது அன்புச்செல்வி ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு விரலால் விலக்கினாள். “ஒக்காரணும்னு கேட்டேன். படுக்கவே வச்சிட்டாங்க.” சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது. விடிவதற்குள் போய்விட்டாள்.

அந்தத் தீபாவளிக்கு மறுநாள் வேணி தனியாக மரக்காணம் பஸ் ஏறினாள். அந்த நாற்காலியைப் போட்டுவிட்டு, கடைசி பஸ் வரைக்கும் பக்கத்தில் யாரையும் விடாமல் நிற்கவேண்டும் என்றுதான் போனாள். புயல் எச்சரிக்கை. சர்ச்சுக்குப் பக்கத்திலேயே போலீஸ்காரர் மறித்தார். தூரத்தில் டீக்கடை மூடிக்கிடந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய நீல நாற்காலிகளைச் சவுக்கு மரத்தோடு கயிற்றால் கட்டியிருந்தார்கள். வந்த பஸ்ஸிலேயே திரும்பினாள். நாளைக்குப் போகலாமா என்று பாஞ்சாலி போனில் கேட்டபோது, கடல் சரியில்லை என்று மட்டும் சொன்னாள்.

லீவு முடிந்து கடை திறந்தது. சுடிதார் பிரிவில் புதிதாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். வேணி போய்ச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். தருகிறேன் என்று சொன்ன அந்த ஒரு நாளை அவள் இன்னும் தரவில்லை.