பதினாலாவது படிவம்

குழந்தைகள் வார்டின் பெரிய சிஸ்டரிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது. ஊசிக்கு அழாத பிள்ளைகூட அவர் முறைத்தால் அழுதுவிடும் என்று டாக்டர்களே கேலி பேசுவார்கள். அதெல்லாம் சும்மா. காய்ச்சலில் துவண்டு கிடக்கும் பிள்ளையின் நெற்றியில் அவர் கை வைக்கிற விதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த முறைப்பின் லட்சணம். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ், ஐம்பத்தெட்டு வயது, படியைக் கண்டாலே மக்கர் பண்ணுகிற முழங்கால்கள்.

"இந்த வருஷத்தோட போதும், வந்துடு" என்று வீட்டுக்காரர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். "பார்க்கலாம்" என்று இவரும் இரண்டு வருஷமாக மழுப்பிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் செவிலியர் பதிவு அலுவலகத்திலிருந்து அந்தப் படிவம் வந்தது. வட்டாரத்தில் பதிவு பெற்ற செவிலியர் எத்தனை பேர், என்ன வயது, ஆணா பெண்ணா, எங்கே படித்தவர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, இன்னும் எத்தனை வருஷம் இருப்பதாக உத்தேசம் என்று நான்கு பக்கம். சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு துருவமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தராவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடும். பெயர் போனால் ஊசியைத் தொடக் கூடாது. திரும்பச் சேர ஆறு மாதம் ஆகும்.

பெரிய சிஸ்டர் விடுவாரா? காபி குடிக்க விடாமல், சீருடை மாற்ற விடாமல் ஆளாளுக்கு நச்சரித்து எழுதி வாங்கினார். பிரசவ விடுப்பில் இருந்தவளின் வீட்டுக்கே போய், குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு அவள் கையில் பேனாவைத் திணித்தார். வியாழக்கிழமை காலையிலேயே படிவக் கட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டது.

வெள்ளி மூன்றரை மணிக்கு அங்கிருந்து போன் வந்தது.

"உங்க வார்டுல ஒரு படிவம் குறையுதுங்க" என்றார் எழுத்தர்.

"குறையாதே. அம்பதைத் தாண்டினவங்க ஏழு, வெளிநாட்டுல படிச்சு வந்தவங்க ரெண்டு, போன வருஷம் சேர்ந்ததுங்க மூணு, ஆம்பளை ஒண்ணு. பதிமூணு."

"எங்க கணக்குல பதினாலு. யாருன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. அஞ்சு மணி வரைக்கும்தான் இருப்பேன்."

பழி நேராக ஒட்டகத்தின் மேல் விழுந்தது. வார்டின் ஒரே ஆண் செவிலியர் அவர்தான். உயரத்தால் வந்த பெயர்.

"நீதான் குடுத்திருக்கமாட்டே."

"அக்கா, நீங்க பக்கத்துல நின்னுதான் எழுத வெச்சீங்க."

பெரிய சிஸ்டர் மறுபடியும் விரல் விட்டு எண்ணினார். பதிமூன்றுதான். பிரசவ விடுப்புக்காரிக்குப் போன் போட்டு அவளையும் ஒரு பாட்டம் திட்டினார்.

அந்த வார்டில் ஒரு வழக்கம். ஷிப்ட் மாறும்போது பொறுப்பில் இருப்பவர் கட்டில்களையும் ஆட்களையும் எண்ணிப் பிரித்துக் கொடுப்பார், தன்னை எண்ணமாட்டார். எங்கே கை குறைகிறதோ அங்கே ஓட அவர் இருக்கிறார், அவ்வளவுதான். பலகையில் ஐந்து என்றிருந்தால் ஐந்தும் அவரும் என்று அர்த்தம். எத்தனையோ வருஷமாக எண்ணிப் பழகிய கணக்கு அது.

ஒட்டகம் பெரிய சிஸ்டரின் மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஒரு படிவம் வெறுமையாகக் கிடந்தது.

"அக்கா, இது உங்களோடது."

பெரிய சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மணி நாலு. பேசாமல் விட்டால் போதும். ஐந்து மணிக்குப் பெயர் தானாகப் போய்விடும். முழங்காலுக்கும் நிம்மதி, வீட்டுக்காரருக்கும் நிம்மதி. ஆனால் படிவத்தை ஒட்டகத்தின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போன் போட்டார்.

"எல்லார்கிட்டயும் வாங்கிட்டு என்னோடதைக் குடுக்க மறந்துட்டேங்க. இன்னும் ஒரு மணி நேரத்துல பேரு போயிடும். நீங்க கேட்டது தானா நடக்கப்போகுது. என்ன சொல்றீங்க?"



"சாப்பிட உக்காரும்போதும் இப்படித்தானே பண்றே" என்றார் வீட்டுக்காரர். "எனக்கும் பையனுக்கும் தட்டு வெப்பே. உன் தட்டை எடுத்துட்டு வர்றது நான்தான்."

"இப்ப எதுக்கு அது?"

"விடணும்னா விடு. நானே வந்து கூட்டிட்டு வர்றேன். ஆனா நீயா முடிவு பண்ணி, எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வா. உன்னை எண்ண மறந்ததால வராதே. எழுதிக் குடு."

பெரிய சிஸ்டர் போனை வைத்தார். அழுதார், ஒட்டகத்துக்கு முன்னாலேயே அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு நான்கு பக்கத்தையும் எழுதினார். எத்தனை வருஷம் என்ற இடத்தில் பேனா நின்றது. 'ஒன்று' என்று எழுதி, அதில் ஒட்டகத்தின் பார்வை படாதபடி மடித்துக் கொடுத்தார். ஒட்டகம் நீளக் கால்களைப் போட்டு ஓடி, ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அலுவலகத்தில் சேர்த்துவிட்டார்.

அன்று வீட்டில் பெரிய சிஸ்டர் யோசித்து, எண்ணி, மூன்று தட்டு வைத்தார். அடுக்களையிலிருந்து வீட்டுக்காரர் வழக்கம்போல் ஒரு தட்டோடு வந்து நின்றார்.