கிலோவுக்கு 0.4 லீட்டர்

கல்பிட்டியில் நண்டுச் சதையை டின்னில் அடைத்து ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில் றஹ்மாவுக்குப் படிவம் நிரப்பும் வேலை. பதினொரு வருடமாக அதைத்தான் செய்துவருகிறாள். சொந்த ஊர் பள்ளிவாசல்துறை. கணவன் ஸியாத் புத்தளம் உப்பளத்தில் மேற்பார்வையாளன்.

டின்கள் மூன்று நாடுகளுக்குப் போயின. ஒவ்வொரு நாட்டுக்காரரும் ஒவ்வொரு சூழல் லேபல் கேட்டார்கள். கிலோ நண்டுக்கு எத்தனை லீட்டர் மண்ணெண்ணெய் எரிகிறது என்று ஒரு படிவம் கேட்கும். அதையே டின்னுக்கு எவ்வளவு என்று இன்னொன்று கேட்கும், படகுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்று மூன்றாவது கேட்கும். புத்தளம் களப்பு என்ற ஒரே கடலேரியில் பிடித்த நண்டு ஒரு டின்னில் பச்சை இலைச் சின்னத்தோடும் இன்னொரு டின்னில் நீல மீன் சின்னத்தோடும் கப்பலேறும். எது நல்லது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது.

இந்தக் குழப்பத்தை நீக்கி, எல்லாருக்கும் பொதுவாக, ஆங்கில ஏ சிறந்தது, ஈ மோசம் என்று ஐந்து எழுத்துள்ள ஒரே லேபலை உருவாக்க ஒரு குழு அமைந்தது. சிலாபத்தில் நடந்த கூட்டத்துக்கு, மூன்று படிவமும் தெரிந்தவள் என்று றஹ்மாவை நிறுவனம் அனுப்பியது.

குழுத் தலைவி மக்டலின் திரையில் ஒரு அட்டவணையைக் காட்டினார். புத்தளம் களப்பு நண்டு, கிலோவுக்கு 0.4 லீட்டர், தரம் பி. மூன்று வெவ்வேறு லேபல்களின் தரவைத் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பார்த்தும் ஒரே விடைதான் வந்தது, இவ்வளவு உறுதியான எண் வேறெந்த மீன்வகைக்கும் கிடைக்கவில்லை என்றார்.

அந்த எண் றஹ்மாவுடையது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு படிவத்தை அன்றே அனுப்ப வேண்டியிருந்தது. எண்ணெய் அளவு கேட்ட பெட்டியை வெறுமையாக விட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். ஒருவரையும் கேளாமல் 0.4 என்று ஊகித்து எழுதினாள். பிறகு அதையே டின்னுக்கும் நாளுக்கும் மாற்றி மற்ற இரண்டு படிவத்திலும் போட்டாள். மூன்றும் ஒத்துப்போனதில் அதிசயம் ஒன்றுமில்லை.

கூட்டத்தில் அவள் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் நிலைகொள்ளவில்லை. கறிக்கு இரண்டுதரம் உப்புப் போட்டாள். அஸர் தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்று தடுமாறினாள். ஸியாதிடம் சொன்னபோது அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"அது ஆர் எழுதின எண் எண்டு இனி ஆருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே," என்றாள் றஹ்மா.

அடுத்த வாரம் விடுமுறை எடுத்துக்கொண்டு உச்சமுனைத் தீவுக்குப் படகேறினாள். நிறுவனத்துக்கு நண்டு கொடுக்கும் நிக்கொலஸின் குடும்பம் அங்கேதான். புறப்படுமுன் எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெயையும் திரும்பியதும் மிஞ்சுவதையும் அளக்கவேண்டும், நண்டை நிறுக்கவேண்டும் என்று அவரிடம் கேட்டாள். பதினாறு படகுகளை மூன்று வாரம் அளந்து ஒரு கொப்பியில் எழுதினாள். தீவுக்குப் பக்கத்திலேயே வலை போடுகிறவர்களுக்குக் கிலோவுக்கு அரை லீட்டர்கூட ஆகவில்லை. நண்டு தேடித் தூரம் போகிறவர்களுக்கு ஒன்றரை லீட்டர்வரை போயிற்று. சராசரி 0.9.

நிக்கொலஸ் கொப்பியை வாங்கிப் பார்த்தார்.

"உள்ளத எழுதினா எங்கட நண்ட வாங்குவாங்களா, தங்கச்சி?"

"தெரியல்ல, அண்ணன்."

அவர் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, தூரம் போகாதவனையும் போகிறவனையும் ஒரே எழுத்துக்குள் அடைப்பது நியாயமில்லை, அதையும் கூட்டத்தில் சொல்லவேண்டும் என்றார்.

நிறுவனத்தின் முகாமையாளர் முபாரிஸ் விஷயம் கேட்டதும் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். பி தரத்தை நம்பித்தான் புதிய டின்னுக்குப் படம்கூட வரைந்தாயிற்று. "உங்கள்ட்ட ஒருத்தரும் கேக்கல்லையே," என்றார். அவள் கொப்பியை அவருடைய மேசையில் வைத்தாள். பிரதியை ஏற்கெனவே மக்டலினுக்கு அனுப்பியிருந்தாள்.

இரண்டாம் கூட்டத்தில் அவளே எழுந்து சொன்னாள். "அந்த எண்ண நான்தான் எழுதின. அளந்து எழுதல்ல."

மக்டலின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, மற்ற எண்களில் எத்தனை இப்படி வந்தவை என்று கேட்டார். இறால் பண்ணைக்காரர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பொது லேபல் ஒரு வருடம் தள்ளிப்போனது. அட்டவணையில் புதிதாக ஒரு நிரல் சேர்த்தார்கள்: அளந்தவர் யார், எங்கே, எப்போது. களப்பு நண்டுக்கு சி தரம் கிடைத்தது. கிட்ட வலை போடுகிறவர்கள் தங்கள் அளவைத் தாங்களே காட்டினால் தனியாக பி பெறலாம் என்று ஒரு வழியும் வைத்தார்கள். மூன்று நாட்டுக்காரரில் ஒருவர் விலகினார். முபாரிஸ் இரண்டு மாதம் அவளோடு வேலையைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. உச்சமுனையில் ஒன்பது பேர் இப்போது கொப்பி வைத்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் நிக்கொலஸ் கள்ளக்கணக்கு எழுதுகிறார் என்று றஹ்மாவுக்குப் போன் எடுத்து முறையிடுகிறார்கள்.

மாதம் ஒருமுறை போய் அளந்து சரிபார்ப்பது இப்போது அவளுடைய வேலையில் சேர்ந்துவிட்டது. படிவத்தில் எண்ணை எழுதி, அளந்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டபின்னும் மனம் ஆறுவதில்லை. இன்னொருதரம் பார்த்துவிட்டு வரலாமா என்று தோன்றும். சில மாதங்களில் மறுபடி போயும் விடுகிறாள்.