மெத்தை வண்டியும் மொட்டை வண்டியும்

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எண்ணுவது என் சுபாவம். மாடிப்படி, மாத்திரை, வாசலில் கிடக்கும் செருப்பு, எதையும் எண்ணாமல் என்னால் கடக்க முடியாது. வயதாக ஆக இது கூடிக்கொண்டேதான் போகிறது. ஆனால் என் மனைவி அந்தச் சாலையில் எத்தனை முறை வாந்தி எடுத்தாள் என்பதை மட்டும் நான் எண்ணி வைக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். சேந்தமங்கலத்தில் எங்களுக்கு ஒரு நெல் ஆலை இருந்தது. மேலே வாழவந்தி நாட்டில் காப்பியும் மிளகுமாக ஒரு சிறு தோட்டம், அதற்குள் ஓர் ஓட்டு வீடு. ஆலை என் பொறுப்பு, தோட்டம் அவள் பொறுப்பு. கல்யாணமான புதிதில், கார் ஏறச் சாலை இல்லாத நாளிலேயே, அவள் ஒற்றையடிப் பாதையில் நடந்து மலையேறியவள். பழம் பறிக்கும் காலத்தில் வாரக்கணக்கில் மேலேயே இருப்பாள். வேலைக்கு வரும் மலைக்காரப் பெண்கள் கூலியைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் அவளிடம்தான் பேசுவார்கள். என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

சாலை வந்ததும் நான் ஒரு கார் வாங்கினேன். சீமையில் செய்தது. இரண்டு கதவு, நான்கு இருக்கை, நீண்ட மூக்கு, மடக்கிக்கொள்ளத் துணிக்கூரை. வெளியே பார்த்தால் பந்தயக் காரின் சாயல் இருக்கும், உள்ளே உட்கார்ந்தால் படுக்கையறை. நாமக்கல் சாலையில் வேகமாகப் போனாலும் சக்கரத்துக்கு அடியில் சாலை இருப்பதே தெரியாது. ஊரில் அதற்கு மெத்தை வண்டி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முப்பது வயதில் அவளுக்குக் கண் மங்கத் தொடங்கியது. முதலில் மாலை நேரத்தில் வாசற்படி தட்டியது. பிறகு பக்கவாட்டில் நிற்கும் ஆள் தெரியாமல் போனது. சென்னையில் பெரிய டாக்டர் ஒருவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, குழாய் வழியே பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் கொஞ்ச காலம் தெரியும், பிறகு அதுவும் போய்விடும், மருந்து கிடையாது என்றார். அவள் அழவில்லை. திரும்பி வரும் ரயிலில், இந்த வருஷம் மிளகுக் கொடிக்கு வெயில் விழ நிழல் மரக் கிளைகளை யார் கழிப்பது என்று கேட்டாள்.

அதன் பிறகுதான் மலைச்சாலை அவளுக்கு எதிரியானது. பார்வை நன்றாக இருந்தவரை ஒன்றும் செய்யாத அதே கார், இப்போது பத்தாவது வளைவு தாண்டுவதற்குள் அவள் வயிற்றைப் புரட்டியது. பாதி மலையில் நிறுத்தி, பாறையோரம் அவளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மேலே போய்ச் சேர்ந்தால் நாள் முழுக்கப் படுக்கை. இறங்கும்போது மறுபடியும் அதே பாடு.

நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். இருக்கையில் இலவம்பஞ்சு மெத்தை தைத்துப் போட்டேன். அதன்மேல் இன்னொன்று. குலுங்கக்கூடாது என்று டயரில் காற்றைக் குறைத்தேன். குளிர்காற்று படக்கூடாது என்று கண்ணாடியை ஏற்றிக் கூரையையும் இழுத்து மூடினேன். ஒவ்வொரு ஏற்பாட்டுக்குப் பிறகும் அவளுக்கு முன்பைவிட மோசமானது. கடைசியில் அவள் மலைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை சொல்வதை நான் வந்து சொல்வேன். கேட்டுக்கொள்வாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டாள்.

அவளுடைய அண்ணன் அடுத்த தெருவில் இருந்தார். தாய் தகப்பன் போன பிறகு அவளை வளர்த்தவர். கண் தெரியாத பொம்பளைக்குக் காட்டில் என்ன வேலை, தோட்டத்தை விற்றுவிட்டு அவளைத் தன் வீட்டுக்கு அனுப்பு, தன் மனைவி பார்த்துக்கொள்வாள் என்று வாரத்துக்கு ஒரு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவரைப் பார்க்கப் போனோம். பழத்தோல் உரிக்கும் இயந்திரம் ஒன்று விலைக்கு இருப்பதாகச் சொல்லியிருந்தார். அவள் அந்த மலைக்கும் வாந்தி எடுத்துக்கொண்டேதான் வந்து சேர்ந்தாள். அவர் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. இடுப்பு உயரம்தான் இருக்கும். இரண்டே இருக்கை. கதவில் கண்ணாடி கிடையாது, கதவே பாதிதான். கூரை என்று ஒரு கித்தான் துணி பின்னால் சுருட்டிக் கிடந்தது. காற்றாட ஒரு சுற்றுப் போய்வந்தால் தெளியும் என்று அவர் மனைவி இவளை அதில் ஏற்றிக்கொண்டு எஸ்டேட் சாலையில் இறங்கிவிட்டார். நான் வாசலை விட்டு நகரவில்லை. அரைமணி கழித்துத் திரும்பினார்கள். இவள் தலை கலைந்து, முகமெல்லாம் புழுதியாக இருந்தாள். இறங்கியதும் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

வீடு திரும்பியபின் விளக்கிச் சொன்னாள்.

"ஏனுங்க, நம்ம வண்டி பொய் சொல்லுதுங்க. ரோடு ஒரு பக்கம் போகுது, சீட்டு ஒரு பக்கம் போகுது. கண்ணு நல்லாத் தெரிஞ்சப்ப நானே சரி பண்ணிக்கிட்டேன். இப்ப எத நம்பறது? அந்த வண்டி கல்லுன்னா கல்லுங்குது, குழின்னா குழிங்குது."

ஏற்காட்டுக்காரருக்கு மூன்றாவது குழந்தை பிறந்திருந்தது, இரண்டு இருக்கை போதவில்லை. அடுத்த வாரம் நான் மறுபடி ஏற்காடு போய், அவரும் நானும் காருக்குக் கார் மாற்றிக்கொண்டோம். எனக்கு மனதே இல்லை. வரும் வழியிலேயே குறைகளை எண்ண ஆரம்பித்தேன். காலை நீட்டியபடியே உட்கார வேண்டும். எஞ்சின் சூடு பாதத்தைச் சுட்டது. சாமான் வைக்க இடமில்லை. கியர் கம்பி விறைப்பு. மாட்டு வண்டிச் சக்கரம் கண் மட்டத்தில் உருண்டது. பதினொன்று வரை எண்ணியபோது ராசிபுரம் வந்துவிட்டது. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். பழைய காரில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் அது கொஞ்சம் யோசித்து, ஒரு பக்கம் சாய்ந்து, பிறகுதான் திரும்பும். இது நினைத்தவுடன் திரும்பியது. இத்தனை வருஷமும் கார் ஓட்டத் தெரியும் என்று நினைத்திருந்தது சரிதானா என்று சந்தேகம் வந்தது.

மச்சான் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். ஊரில் அதற்குள் மொட்டை வண்டி என்று பெயர் விழுந்திருந்தது.

"மாப்ள, கூரையில்லாம தூக்கி வெச்சுக் கொண்டு போறது ஒண்ணு சாமிய, இல்லீனா பொணத்த. எந்தங்கச்சி இதுல எது?"

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "ரெண்டும் வாந்தி எடுக்காதுங்ண்ணா. அது போதும் எனக்கு."

அவர் சிரிக்கவில்லை. காரை இன்னொரு சுற்றுச் சுற்றி வந்து, ஒரே ஒரு தடவை கூட்டிப் போ, இதிலும் அப்படியே ஆனால் அதற்குப் பிறகு மலைப் பேச்சு இருக்கக்கூடாது, அவள் தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றார். அவள் உடனே சரி என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை.

மார்கழியில் ஒரு காலை நேரம் கிளம்பினோம். அவள் தலையைச் சுற்றி ஒரு கம்பளித் துண்டைக் கட்டிக்கொண்டாள். காரவள்ளியில் சமவெளி முடிந்து முதல் வளைவு வந்தது. கல் ஒவ்வொன்றும் முதுகுத்தண்டில் தெறித்தது. பத்தாவது வளைவில் நான் காரை மெதுவாக்கி, என்ன பண்ணுகிறது என்று கேட்டேன்.

"கேக்காதீங்க. கேட்டா வந்துரும். ஓட்டுங்க."

ஓட்டினேன். பழைய காரில் அவள் பக்கவாட்டில் சரிந்து கைப்பிடியைப் பற்றியபடி வருவாள். இதில் உடம்பை ஒட்டிப் பிடிக்கும் இருக்கை. கியர் இறங்கும் சத்தம் கேட்டதும் காலை ஊன்றிக்கொண்டாள், வளைவு முடிந்ததும் தளர்த்தினாள். பாதி மலையில் வாழைத்தார் லாரி ஒன்று இறங்கி வந்தது. பின்னால் எடுத்து ஒதுங்கவேண்டியிருந்தது. பழைய காரில் பின்னால் எடுத்தால் அவ்வளவுதான், கதை முடிந்துவிடும். அவள் பக்கம் பார்க்காமல் பின்னால் எடுத்தேன். அவள் கையை வெளியே நீட்டிப் பாறையில் வழியும் தண்ணீரைத் தொட்டாள். முகத்தில் தடவிக்கொண்டாள். லாரி போனதும், போகலாம் என்றாள்.

எழுபதாவது வளைவும் முடிந்தது. அவள் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தோட்டத்தில் இறங்கியவள் என் கையைப் பிடிக்காமல் களத்தைப் பார்த்து நடந்தாள். இரண்டு இடத்தில் தடுமாறினாள். வேலைக்காரப் பெண்கள் பார்த்தார்கள், ஓடிவரவில்லை. காய்ந்துவிட்டதென்று குவித்திருந்த காப்பியில் ஒரு கை எடுத்துக் காதருகே குலுக்கி, இன்னும் வெயில் வேண்டும், யார் இதை அள்ளச் சொன்னது என்று கேட்டாள். அந்தப் பெண்களில் ஒருத்தி கணக்குப்பிள்ளையைக் காட்டிக்கொடுத்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். நான் காரடியிலேயே நின்றேன்.

மறுநாள் காலை கிளம்பலாமா என்று கேட்டேன்.

"நா வரலீங்க."

உடம்புக்கு முடியவில்லையா என்றேன்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. கீழ வந்தா ஆளாளுக்குக் கையப் புடிப்பாங்க. இங்க அவங்கவங்களுக்கு வேலை இருக்குது, எம் பின்னால வரமாட்டாங்க. பார்வை மிச்சமிருக்கறப்பவே இந்த ஊட்டையும் களத்தையும் காலுல பழகிக்கோணும்."

நானும் இங்கே தங்கிவிட்டால் ஆலையை யார் பார்ப்பது என்று கேட்கவில்லை. அது அவளுக்கும் தெரியும். இருவருமாக ஏறவும் இறங்கவும்தான் நான் அந்த இரண்டு இருக்கைக் காரை வாங்கியிருந்தேன். அவளோ ஏறுவதை மட்டும் மனதில் வைத்திருந்தாள்.

தனியாக மலையிறங்கும்போது கார் ஒரு பக்கம் துள்ளியது. கொஞ்ச தூரத்திலேயே திரும்பி வந்து, அவள் இருக்கையில் ஒரு மிளகு மூட்டையை வைத்துக் கயிறு போட்டுக் கட்டினேன். அவள் களத்தில் இருந்தாள். நான் திரும்பி வந்ததைச் சத்தத்தில் அறிந்திருப்பாள். கூப்பிடவில்லை.

வீட்டு வாசலில் மச்சான் உட்கார்ந்திருந்தார். முந்தின நாளும் அங்கேயே இருந்ததாகப் பிறகு தெரிந்தது. மூட்டையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அம்மிணி எங்க, மாப்ள? எறங்க முடியலியா?"

"முடியும் மச்சான். வரலைங்கறா."

"வழியில?"

"ஒண்ணுமே ஆகல."

அவர் மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்குள் போனார். உள்ளே அலமாரி திறக்கும் சத்தமும் பாத்திரம் நகரும் சத்தமும் கேட்டன. நான் கயிற்றை அவிழ்த்து முடிப்பதற்குள் அவளுடைய தகரப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மேலே ஒரு கம்பளியும் மடித்து வைத்திருந்தார். மொட்டை வண்டியில் பெட்டி வைக்க இடமிருக்காது என்பதைப் பார்த்தவுடன் தெரிந்துகொண்டு, ஆலை லாரி எந்தக் கிழமை மலைக்குப் போகும் என்று கேட்டார்.