பால் பொங்கியதும் அணைந்த அடுப்பு

எங்கள் வீட்டில் சமையல் என் வீட்டுக்காரருடையது. இதைச் சொன்னால் கிளினிக்கில் என்னோடு வேலை செய்கிறவர்கள் நம்புவதில்லை. நான் ஏதோ பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். கல்யாணமான புதிதில் நான் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்தவர், "நீ துணி மட்டும் தொவை, இத நான் பாத்துக்கிறேன்" என்று என் கையிலிருந்த கரண்டியை வாங்கினார். அதற்குப் பிறகு அவர் அதைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய காலத்தில், கோலசிலாங்கூர் தோட்டங்களுக்கு நடுவே எங்காவது நிழல் பார்த்து லோரியை நிறுத்தி, கையோடு கொண்டுபோன சின்ன கேஸ் டாப்பூர் அடுப்பில் மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்ட ஆள் அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சமையலறையே அவருடைய ஆபீஸ் ஆகிவிட்டது.

கொரோனா காலத்தில் எங்கள் இருவருக்கும் காய்ச்சல் வந்தது. எனக்குப் போன வாசனை சில வாரங்களில் திரும்பியது. அவருக்குத் திரும்பவில்லை. காப்பித்தூள், கறிவேப்பிலை, பெலாச்சான் இறால் விழுது என்று எதை மூக்கருகே கொண்டுபோனாலும் உதட்டைப் பிதுக்குவார். ஆனாலும் சமைத்தார். கைப்பழக்கம் இருந்ததால் ருசி பெரிதாகக் கெடவில்லை, உப்புதான் சில நாள் கொஞ்சம் தூக்கலாகிவிடும். இந்த விஷயம் வெளியே போகக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூக்கில்லாத சமையல்காரன் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள் என்ற கூச்சம் அவருக்கு. மகளுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

ஒரு மத்தியானம் நான் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். கதவைத் திறந்ததும் கேஸ் நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கேஸ் நிரப்பிய தோங்கிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு விட்டிருந்தது. "என்ன நாத்தம் இது!" என்று கத்தினேன். "எங்க?" என்று கேட்டார். வெங்காயத்துக்குப் பக்கத்தில் லைட்டர் இருந்தது. நான் தோங்கை மூடினேன், ஜன்னல்களைத் திறந்தேன், பிறகு வாசல்படியில் உட்கார்ந்து அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் லைட்டரை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட்டார்.

அன்றோடு அவர் சமைப்பதை விட்டுவிட்டார்.

நான் விடச் சொல்லவில்லை. குழாயை மாற்றியாயிற்று, புது ரெகுலேட்டரும் வாங்கியாயிற்று. ஆனால் அவர் சமையலறைப் பக்கம் தண்ணீர் குடிக்க மட்டும்தான் போனார். வீட்டில் மீண்டும் என் ரசம் வந்தது. முடியாத நாள்களில் கடையிலிருந்து சோற்றுப் பொட்டலம் வந்தது. எதைப் போட்டாலும் நல்லா இருக்கு என்று சாப்பிட்டார். என் சமையலை நல்லா இருக்கு என்று அவர் சொன்ன அன்றுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. பகலெல்லாம் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார், என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. அந்த மனிதரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள், பழைய கபினெட்டில் கரையான் ஏறிவிட்டது, சமையலறையை மாற்றித் தருகிறேன் என்றாள். அவளுக்கு 'அவன்' அடுப்பில் கேக் சுட ஆசை. எனக்கு வேறு கணக்கு இருந்தது. அவரை மறுபடியும் அடுப்புக்கு முன்னால் நிற்க வைக்கிற மாதிரி ஒரு அடுப்பு வேண்டும். அது எது என்றுதான் தெரியவில்லை. கேஸ் என்றால் அவருக்குப் பயம், எனக்கு அதைவிடப் பயம். நெருப்பே இல்லாத அடுப்பு என்றால், லோரி ஓரத்தில் சமைத்தவர் அதைப் பொம்மை அடுப்பு என்று ஒதுக்கிவிடுவார். தப்பாக ஒன்றை வாங்கிக் கபினெட்டில் பதித்துவிட்டால் அவ்வளவுதான், கடைசி வரைக்கும் என் ரசம்தான்.

ஒரு சனிக்கிழமை மூவரும் டவுனில் இருக்கும் மின்சாமான் கடைக்குப் போனோம். வீட்டிலிருந்த, அடி உருண்ட குவாலிச் சட்டியை நான் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். மகளுக்கு மானம் போயிற்று. "மா, கடைக்கு யாராச்சும் குவாலி தூக்கிட்டு வருவாங்களா?" என்றாள். வாங்கப்போகும் அடுப்பில் குவாலி உட்காருமா என்று பார்க்க வேண்டாமா? கடைக்கார சீனத்தி அதைப் பார்த்துச் சிரித்தாலும், வாங்கி ஒவ்வொரு அடுப்பின் மேலும் வைத்துக் காட்டினாள். கேஸ் அடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடி அடுப்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

அவள் மலாயில் பொறுமையாக விளக்கினாள். கண்ணாடி அடுப்பிலேயே இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்றில் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கம்பி சிவக்கும். அதில் எந்தச் சட்டியும் வைக்கலாம், ஆனால் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு இருக்கும், கை வைத்தால் போச்சு. இன்னொன்று இன்டக்ஷன். சட்டி மட்டும்தான் சூடாகும். அதற்குக் காந்தம் ஒட்டுகிற அடி உள்ள சட்டி வேண்டும், வயரும் தனியாக இழுக்க வேண்டும். கேஸ்தான் வேண்டும் என்றால், நெருப்பு அணைந்தால் கேஸும் தானாக நின்றுவிடும் வகை இருக்கிறது என்றாள். குழாயில் வெடிப்பு விட்டால்? குழாயை அடிக்கடி மாற்றிக்கொள்ள வேண்டும் என்றாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

"இன்டக்ஷன் எடுலா மா. நெருப்பு இல்ல, கேஸ் இல்ல, சேஃப்" என்றாள் மகள்.

"நீங்க சொல்லுங்க, சமைக்கிற ஆளு நீங்கதானே" என்று அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கேஸ் அடுப்புகளின் வரிசையில் நின்று, ஒன்றின் திருகைத் திருப்பித் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார். டக், டக் என்று சத்தம் மட்டும் வந்தது. "உன் இஷ்டம். நான் இனிமே சமைக்கப் போறதில்ல" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. அந்தச் சூட்டிலேயே இன்டக்ஷன் என்று முடிவு செய்தேன். 'அவன்' அடுப்பில் கேஸ் வகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தீபாவளி பிஸ்கட் தட்டு ரெண்டு உள்ளே போகிற மாதிரி பெரிய கரண்ட் 'அவன்', அதுவும் அடுப்புக்குக் கீழே இல்லாமல் நெஞ்சு உயரத்தில் பதிக்கும்படி. அவருக்கு முழங்கால் வலி, குனிந்து தட்டை எடுக்க முடியாது. சமைக்கப் போவதில்லை என்று சொன்ன மனிதரின் முழங்காலுக்காக 'அவன்' அடுப்புக்கு உயரம் பார்த்த பைத்தியக்காரி நான்.

எல்லாம் பதித்து முடிந்த வாரம் சபாக்கிலிருந்து அண்ணி போன் செய்தார். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. புது அடுப்பில் பால் காய்ச்சாமல் ஒரு பருக்கை சோறு வேகக் கூடாது, பானையும் பாலும் நாத்தனார் சீராகத் தான்தான் கொண்டு வருவேன் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்து இறங்கினார். கையில் புதுப் பித்தளைப் பானை பளபளவென்று இருந்தது. மஞ்சள் கொத்து கட்டி, குங்குமம் வைத்து, பாலை ஊற்றி, சாமி கும்பிட்டு, பானையைக் கண்ணாடி மேல் வைத்தார். மகள் பட்டனைத் தொட்டாள். அடுப்பு பீப் பீப் என்றது. ஏதோ ஒரு குறி மின்னியது, பிறகு நின்றுவிட்டது. மறுபடியும் தொட்டாள். மறுபடியும் பீப் பீப்.

எனக்குத் தலையில் இடி விழுந்தது மாதிரி ஆயிற்று. சோற்றுச் சட்டி, குழம்புச் சட்டி எல்லாம் காந்தம் வைத்துப் பார்த்துப் புதிதாக வாங்கியவள் நான், அவை பெட்டி பிரிக்காமல் ஸ்டோரில் இருந்தன. ஸ்டோர் சாவி கபினெட் பதித்த கோன்ட்ரேக்டரிடம் போயிருந்தது. பித்தளையில் காந்தம் ஒட்டாது என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பால் காய்ச்சுவது என்றால் பித்தளை, அவ்வளவுதான். அதை யார் யோசிக்கிறார்கள்?

"என்னா தம்பி, உங்க வீட்டு அடுப்பு நாத்தனா பானைய வேணாங்குது?" என்றார் அண்ணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் முகம் வாடிவிட்டது.

டிவிக்கு முன்னால் இருந்தவர் அப்போதுதான் எழுந்து வந்தார். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையைப் பிடுங்கி, வெளியே இருந்த பழைய சட்டிகளின் அடியிலெல்லாம் வைத்துப் பார்த்தார். எவர்சில்வர் சட்டி ஒட்டவில்லை. அலுமினியம் ஒட்டவில்லை. கடைசியில் மகள் ஹாஸ்டலில் மீ நூடுல்ஸும் முட்டையும் அவித்த, ஒற்றைக் கைப்பிடிச் சட்டி ஒன்றில் பச்சென்று ஒட்டியது.

"முட்ட அவிச்ச சட்டியிலயா பால் காய்ச்சுவ?" என்று அண்ணி வாயில் கை வைத்தார்.

"வெளக்கி எடுத்தா எல்லாம் சுத்தந்தான் அக்கா."

புளி போட்டு அவரே விளக்கினார். பித்தளைக்குக் கட்டிய மஞ்சள் கொத்தை அவிழ்த்து மீ சட்டியின் கைப்பிடியில் கட்டினோம். சட்டி சின்னது, அடுப்பு வேகமானது. நாங்கள் தயாராவதற்குள் பால் குபுகுபுவென்று ஏறி, நாலு பக்கமும் பொங்கி வழிந்து, கண்ணாடி மேல் ஓடி, பட்டன்கள் இருக்கும் இடம் வரைக்கும் போய்விட்டது. அடுப்பு ஒரு சத்தம் போட்டது. அணைந்தது.

பால் பொங்கும்போது அடுப்பு அணைந்தால் நல்ல சகுனமா என்று யாரும் கேட்க வேண்டியதே இல்லை, அண்ணியின் கண்ணிலேயே தெரிந்தது. "பொங்கயிலயே அணைஞ்சு போச்சே தம்பி" என்றார் மெதுவாக. ஆசை ஆசையாய் வாங்கிய அடுப்பு முதல் நாளே இப்படி மானத்தை வாங்கிவிட்டதே என்று இருந்தது.

அவர் மட்டும் குனிந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டியை நகர்த்திப் பாலைத் துடைத்தார். சட்டியை வைத்துப் பட்டனைத் தொட்டார். வேலை செய்தது. சட்டியைத் தூக்கினார். அடுப்பு கொஞ்சம் முனகிவிட்டு நின்றது. மறுபடி வைத்தார், மறுபடி தூக்கினார். அது ஒவ்வொரு முறையும் தானாக நின்றது. அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அணையட்டும் அக்கா. அணைஞ்சதுதான் எனக்கு நல்லது" என்றார் அவர். "எனக்கு மூக்கு செத்துப் போச்சுக்கா. கொரோனாவுலேருந்து ஒரு வாசமும் தெரியாது. கேஸ் ஒழுகுனதுகூடத் தெரியாம லைட்டர பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இவ மட்டும் அன்னைக்கு வரலேன்னா வீடே போயிருக்கும். அதுலேருந்து அடுப்புப் பக்கம் போகவே கை வரல. இது பாரு, நான் கவனிக்காட்டியும் அதுவே நிறுத்திக்குது."

மீ சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, நடுச் சமையலறையில் நின்று, எல்லாவற்றையும் அவராகவே சொல்லிவிட்டார். அண்ணி கேலி செய்யவில்லை. கிட்டே வந்து அவர் முதுகில் ஒரு அடி போட்டார். "இத்தன நாளா கூடப் பொறந்தவகிட்ட மறச்சிருக்கியே, நீயெல்லாம் மனுசனா?" என்று ஏசிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நானும் அழுதேன். மகள் மீதிப் பாலில் சீனியைப் போட்டு ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தாள்.

"சகுனம் எப்படிக்கா?" என்று அவர் கேட்டார்.

"பால் பொங்குச்சில்ல? போதும் போ" என்றார் அண்ணி.

ஒன்பது மணிக்கு மேல் கோன்ட்ரேக்டர் சாவியோடு வந்து சேர்ந்தான். அண்ணி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது, கடையில் வாங்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். மார்க்கெட்டுக்குப் போய் மீனோடு வந்தார். புதுச் சட்டிகளைப் பெட்டியிலிருந்து பிரித்தார். அண்ணியும் மகளும் முன்னறையில் பேசிக்கொண்டிருக்க, உள்ளே வெங்காயம் அரியும் சத்தம் கேட்டது. நான் எழுந்து போகாமல் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"இங்க வாயேன். நாளையிலேருந்து மத்தியானம் வெளிய சாப்பிடாத, வீட்டுக்கு வந்துரு. நான் ஆக்கி வச்சிருப்பேன்."

"தனியாவா?"

"தனியாத்தான். கண்ணால பாத்து ஆக்கிக்குவேன். இன்னைக்கு மட்டும் உன் மூக்க கொஞ்சம் எரவல் குடு. இது புது அடுப்பு, சூடு பிடிபட மாட்டேங்குது. வெங்காயம் பச்ச வாசம் போயிருச்சா பாரு."

குனிந்து முகர்ந்தேன். பச்சை வாசனை எப்போதோ போய்விட்டிருந்தது, வெங்காயம் பொன்னிறமாக வதங்கி, வீடெல்லாம் மணத்தது. "இல்லங்க, இன்னும் கொஞ்சம் வதங்கணும்" என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.