அண்ணி அடியெடுத்துக் கொடுத்த வாக்கியம்

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் என் அண்ணன் வீட்டுக்குள் ஒரு வாக்கியத்தையும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. பாதியிலேயே அண்ணி வாங்கிக்கொள்வார். "எனக்குக் கொஞ்சம்..." என்று அண்ணன் தொடங்கினால், "டீதான, இதோ" என்று எழுந்துவிடுவார். "நாளைக்கு நான்..." என்றால், "சீக்கிரம் போகணும், அலாரம் வச்சாச்சு" என்பார். அண்ணன் திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டு தலையாட்டுவார். நாத்தனார் என்றால் குறை சொல்லத்தான் செய்வாள் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அண்ணியை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. அவர் தொழில் அப்படி. எங்கள் ஊர் நாடக அரங்கில் அவர் பிராம்ப்டர். மேடைக்கு இடதுபுறம், திரை மடிப்புக்குப் பின்னால், ஒரு மர நாற்காலி. பக்கத்தில் நீலக் காகிதம் சுற்றிய சின்ன விளக்கு. மடியில் நாடகப் பிரதி, கையில் பென்சில். நடிப்பவருக்கு வசனம் மறந்துபோனால் அண்ணி அடியெடுத்துக் கொடுப்பார். அதுவும் முதல் இரண்டு வார்த்தைதான். "மூணாவது வார்த்தையும் குடுத்தா அவங்களுக்கு ரோஷம் வந்துடும்" என்பார். குரல் அவர் உதட்டிலிருந்து நேராக நடிகர் காதுக்குப் போகும், நடுவில் வேறு எங்கும் இறங்காது. யார் மறந்தால் என்ன செய்வார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒருவர் மோதிரத்தைத் திருகுவார், ஒருவர் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டுவார்.

அதே அரங்கில் மேடைக்குக் கதவு, ஜன்னல், மாடிப்படி எல்லாம் செய்கிற தச்சர் என் அண்ணன். நான் வாசலில் டிக்கெட் கொடுப்பவள். மேனேஜர் எங்களைப் பார்த்தால், "என்ன, குடும்ப அரங்கம் திறந்தாச்சா?" என்பார்.

இவர்கள் கல்யாணம் நடந்த கதையை அண்ணி கேட்காதவர்களுக்கும் சொல்வார். அண்ணி அங்கே வேலைக்குச் சேர்ந்த வருஷம். ஒத்திகை முடிந்து பிரதியை மூடுகிறார், எதிரே அண்ணன் வந்து நிற்கிறார். காதில் பென்சில், முகமெல்லாம் வியர்வை. "ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்னு... உங்க..." என்று தொடங்கி நின்றுவிட்டாராம். அண்ணி எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? "எங்க வீட்டுல வந்து பேசணும், அதான? ஞாயித்துக்கிழமை அப்பா இருப்பாரு, வாங்க" என்று முடித்துக் கொடுத்துவிட்டார். அண்ணனும் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் அண்ணனோடு போனோம். கல்யாணம் நிச்சயமாயிற்று.

"பாவம், எங்க அண்ணன் அன்னைக்கு பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்க வந்திருப்பான். நீங்க புருஷனாக்கிட்டீங்க" என்று நான் இருபத்தெட்டு வருஷமாகக் கிண்டலடித்து வருகிறேன். அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பார். அண்ணன் எதுவும் சொல்ல மாட்டார். சொல்ல விட்டால்தானே.

இந்த வருஷம் புதிய சீசனுக்குப் புதிய டைரக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண், மெதுவாகப் பேசுவாள், ஆனால் சொன்னது சொன்னதுதான். சீசன் முழுக்கக் காதலிக்கிற கலைஞர்களைப் பற்றிய நாடகங்கள். ஓவியனும் அவனுக்கு நிறம் கலந்து கொடுக்கிறவளும், போட்டி போடும் இரண்டு பாடகர்கள், ஒரு சிற்பி, சண்டை ஓயாத ஒரு பொம்மலாட்டத் தம்பதி என்று மொத்தம் நான்கு. போஸ்டரைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். காதல் என்றால் ஓவியனுக்கும் பாடகனுக்கும்தான் எழுதிவைத்திருக்கிறது போல. தச்சர் காதலித்தால் யாராவது நாடகம் போடுகிறார்களா? ஆனால் டிக்கெட் நன்றாகப் போனது, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ஓவியன் நாடகம்தான் முதலில். கடைசிக் காட்சியில் ஊரைவிட்டுப் போகக் கிளம்பிவிட்டவளை ஓவியன் கூப்பிட்டு நிறுத்துகிறான். நிறுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்கிறான். பிரதியில் டைரக்டர், "நாற்பது எண்ணும் வரை மௌனம்" என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகுதான், "நீ வராத நாள்ல நான் தொட்ட நீலமெல்லாம் சாம்பலாத்தான் இருந்துச்சு" என்கிறான். அண்ணி அந்த இடத்தில் பென்சிலால் வட்டமெல்லாம் போட்டு வைத்திருந்தார்.

ஆனாலும் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் போட்ட முன்காட்சியில் பன்னிரண்டு எண்ணுவதற்குள் அவர் வாய் நிற்கவில்லை. "நீ வராத" என்று அடியெடுத்துக் கொடுத்துவிட்டார். வழக்கமாக அவர் குரல் வெளியே கேட்காது. அன்று அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் மூன்றாவது வரிசை வரை கேட்டது. அங்கே ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, "யாரும்மா அது?" என்று உரக்கக் கேட்டுவிட்டார். சபை கொல்லென்று சிரித்தது. கண்ணில் நீரோடு நின்ற நடிகையும் சிரித்துவிட்டாள்.

காட்சி முடிந்ததும் டைரக்டர் அண்ணியிடம் வந்தாள். நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன்.

"அக்கா, அவரு மறக்கல. சும்மாதான் நிக்கறாரு. நாடகமே அதுலதான் இருக்கு."

"தெரியும்மா. வட்டம்கூடப் போட்டு வச்சிருக்கேன். யாராவது பாதியில நின்னா எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது."

"நாலு நாடகத்துலயும் இந்த மாதிரி மௌனம் இருக்கு. சனிக்கிழமை முதல் காட்சி. அன்னைக்கும் இப்படி ஆச்சுன்னா, இந்த சீசன பிராம்ப்டர் இல்லாமலே நடத்திக்கறேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

அண்ணி தலையாட்டினார். அப்படித் தலையாட்டி நான் பார்த்ததே இல்லை, அது எங்கள் அண்ணனின் வேலை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு உள்ளூரக் குளிர்ந்திருக்க வேண்டும், ஆனால் குளிரவில்லை. அந்த நாற்காலி இல்லாமல் அண்ணி என்ன செய்வார் என்று எனக்கு யோசிக்கவே பிடிக்கவில்லை.

மறுநாளே பயிற்சி தொடங்கிவிட்டது. பழகிக்கொள்ள வீட்டில் அண்ணனை விட்டால் வேறு யார் கிடைப்பார்? காலையில் அண்ணன், "இந்த..." என்று தொடங்கினார். அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அண்ணன் அண்ணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அண்ணியைப் பார்த்தார். "என்னாச்சு, உடம்பு சரியில்லையா?" என்றார். அந்த வீட்டில் அவர் சொல்லி முடித்த முதல் முழு வாக்கியம் அதுதான்.

பிறகு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. அன்று சாயங்காலம், "இந்தச் சட்டை... பழுப்பு நிறம்... எனக்கு அவ்வளவா பிடிக்காது" என்றார். அலமாரியில் எட்டுச் சட்டை, எட்டும் பழுப்பு. புதன்கிழமை, "டீயில சக்கரை... பாதி போதும்" என்றார். வியாழக்கிழமை, கதவுப் பக்கம் படுத்தால் இத்தனை வருஷமாக முதுகில் காற்று அடிக்கிறது என்றார். நானும் அண்ணியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அண்ணனும் அசடு வழியச் சிரித்தார்.

ஆனால் அன்று பாத்திரம் தேய்க்கும்போது அண்ணி திடீரென்று குழாயை நிறுத்தினார்.

"சட்டை நான் சொன்னது. சக்கரை நான் சொன்னது. படுக்கிற பக்கமும் நான் சொன்னதுதான். எல்லாத்துக்கும் மண்டைய மண்டைய ஆட்டியிருக்காரு."

"அதுக்கென்ன அண்ணி?"

"அன்னைக்கும் நான்தான சொன்னேன்?"

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாக நானே ஊதி ஊதி வளர்த்த கிண்டல், இப்போது அண்ணியின் முகத்தில் பயமாக நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"கேட்டுடுங்க அண்ணி."

"கேட்டா நாப்பது எண்ணணும். இதுக்கு என்னால ரெண்டுகூட எண்ண முடியாது."

என் வாய் சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது நானே கேட்டுவிட்டேன். "அண்ணா, அன்னைக்கு ஒத்திகை முடிஞ்சு அண்ணி முன்னால போய் நின்னியே, என்ன சொல்ல வந்த?"

அண்ணன் கையில் எடுத்ததைத் தட்டில் வைத்தார். "அன்னைக்கா... நான்..."

"தண்ணி வேணுமா?" என்று அண்ணி எழுந்துவிட்டார். அண்ணன் தலையாட்டினார். தண்ணீர் வந்தது. முன்னால் ஏற்கெனவே ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது, இதையும் சேர்த்துக் குடித்தார்.

சனிக்கிழமை மதியக் காட்சி. முதல் மணி அடித்ததும் கவுண்டரை மூடிவிட்டு மேடைக்குப் பக்கவாட்டில் போய் அண்ணன் பின்னால் நின்றேன். கடைசிக் காட்சி வந்தது. ஓவியன் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினான், நின்றான். அண்ணி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் முழங்காலில் தட்டித் தட்டி எண்ணினார். பன்னிரண்டு போயிற்று. இருபது போயிற்று. சபையில் ஒருவர் இருமினார். முப்பதில் எனக்கே கத்திவிடலாம் போல் இருந்தது. அண்ணி அசையவில்லை. நாற்பதில் ஓவியன் சாம்பலாகிப்போன நீலத்தைப் பற்றிச் சொன்னான், அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது.

அதற்குப் பத்து வரி தள்ளி, அவன் சுத்தமான தூரிகையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணிக்குத் தெரிந்தது. "அந்தப் படத்த" என்று இரண்டே வார்த்தை. அவன் பிடித்துக்கொண்டு போய்விட்டான். ஒரு பார்வையாளருக்கும் கேட்கவில்லை.

திரை விழுந்த பிறகு டைரக்டர் வந்து, "அக்கா, அடுத்த நாடகத்துப் பிரதிய திங்கக்கிழமை தந்துடறேன்" என்றாள். அவ்வளவுதான். நாற்காலி பிழைத்தது.

அண்ணி சிரித்தார், ஆனால் அவர் கண் அண்ணனைத் தேடியது. கூட்டம் கலைந்து, நடிகர்கள் ஒப்பனையைக் கலைக்கப் போய்விட்டார்கள். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் செய்கிறதுபோல அண்ணன் அண்ணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அதன் காலை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க" என்றார் அண்ணி. "அன்னைக்கு என்கிட்ட என்ன சொல்ல வந்தீங்க?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அண்ணி வாயைப் பொத்தவில்லை. கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் எண்ணுவது எனக்குத் தெரிந்தது, நானும் எண்ணினேன். பதினைந்து. இருபது. அண்ணன் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"உங்க நாற்காலி... கால் ஆடுது... சரி பண்ணித் தரட்டுமான்னு கேக்க வந்தேன்."

எனக்கு அந்த இடத்தில் செத்துவிடலாம் போல் இருந்தது. பஸ் நேரம்கூடப் பரவாயில்லை, நாற்காலி! அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அண்ணி சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். ஏனென்று அப்போதுதான் கவனித்தேன். அண்ணனின் கட்டைவிரல் இன்னும் அந்த நாற்காலிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் முடிக்கவில்லை. யாராக இருந்தாலும் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள், அண்ணி நினைக்கவில்லை.

எவ்வளவு எண்ணினோம் என்று எனக்குத் தெரியாது. நாற்பதைத் தாண்டியிருக்கும்.

"அதக் கேக்கவே... எனக்கு நாலு மாசம் ஆச்சு" என்றார் அண்ணன். "மனசுல இருந்தத எப்ப சொல்லியிருப்பேனோ... சொல்லாமலே இருந்திருப்பேன். நீ சொல்லிட்ட."

அண்ணி என் மணிக்கட்டை விட்டுவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதார். அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டபடியே இருந்தார். நான் திரும்பி நின்று என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் கிண்டலை அன்றோடு விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன், "நாம..." என்று தொடங்கினார்.

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். பத்து எண்ணியிருப்போம், பதினைந்து எண்ணியிருப்போம். அண்ணன் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"நீயே சொல்லு" என்றார்.