சி செக்ஷனுக்கு நடத்தாத பாடம்

ரெண்டு வருஷம் ஆகப்போகுது, இன்னும் என் ஆத்திரம் அடங்கல. என் பொண்ணுக்கு ஒன்பதாவது முழுப்பரீட்சை நேரத்துல அம்மை போட்டுடுச்சு. தலைக்குத் தண்ணி ஊத்தின கையோட போய் எழுதினா. கணக்குல முப்பத்தெட்டு. அதை வச்சு பத்தாவதுல அவளை சி செக்ஷன்ல தள்ளிட்டாங்க. அங்க இருக்கறவங்க எல்லாம் மெல்லக் கற்போராம். பேரு வைக்கறதுல மட்டும் ஒண்ணும் குறைச்சல் இல்ல!

யாரு மெல்லக் கற்கறவ? எங்க சம்பா நெல்லுல புகையான் பூச்சி விழுந்தப்ப, மருந்தடிக்கற ஆளை நிறுத்தி, "பூச்சி தூருல இருக்கு, நீங்க மேல அடிச்சா எப்படிண்ணே சாகும்?"னு கேட்டவ அவ. அக்ரி படிக்கணும்னு ஆறாவதுலேர்ந்து சொல்லிக்கிட்டிருந்தா. அதுக்கு ப்ளஸ் ஒன்ல ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்கணும். கணக்குல நல்ல மார்க் இல்லாம எங்க ஸ்கூல்ல அந்த குரூப் தர மாட்டாங்க.

எங்க உட்கார்ந்தா என்ன, புத்தகம் ஒண்ணுதானேன்னு நானும் சும்மா இருந்துட்டேன், மடச்சி. காலாண்டுப் பரீட்சை முடிஞ்ச வாரம் அவ கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். பாதிக்கு மேல பென்சில்ல பெருக்கல் குறி.

"என்னடி இது?"

"அதெல்லாம் எங்களுக்கு நடத்த மாட்டாங்கம்மா. கிராஃப், ஜியாமெட்ரி, கொஞ்சம் ரெண்டு மார்க். அதைப் போட்டாலே பாஸ்."

ஸ்டேப்ளர் அடிச்ச ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்துக் காட்டினா. அதுதான் அவங்களுக்குப் பாடப்புத்தகம். முக்கோணவியல்னு ஒரு பாடமே அதுல கிடையாது. ஒரே கிராஃபைத் திருப்பித் திருப்பிப் போட வைக்கறதுக்குப் பேரு படிப்பா?

மறுநாள் காலையிலேயே போய் ஹெட்மாஸ்டர் ரூம்ல கத்தினேன். அந்த மனுஷன் நிதானமா கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே கேட்டார். "ஏம்மா, பெற்றோர் கூட்டத்துல எழுந்து நின்னு, படிக்காத பசங்களைத் தனியாப் பிரிங்க, என் மகன் கெட்டுப்போறான்னு சொன்னது நீங்கதானே?"

நான்தான். மூத்தவன் இதே ஸ்கூல்ல நல்லாப் படிச்சுக்கிட்டிருந்த காலம். பக்கத்துல இருந்தவங்க கைகூடத் தட்டினாங்க. யார் பெத்த பிள்ளையை ஒதுக்கச் சொல்றோம்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பேனா? இல்ல. பெருமையா உட்கார்ந்தேன். இப்ப நினைச்சா என்னையே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருக்கு.

ஆனாலும் விடல. "ஆமா சார், புத்தி கெட்டுப்போய்ச் சொன்னேன். அதுக்காகப் பாடமே நடத்தாம விடுவீங்களா? நூத்துக்கு நூறு தேர்ச்சின்னு நீங்க வாசல்ல பேனர் கட்டறதுக்கு என் பொண்ணு அரைப் புத்தகம் படிக்கணுமா?" மூணு நாள் விடாம போய் நின்னேன். நாலாம் நாள் வேண்டாவெறுப்பா ஏ செக்ஷனுக்கு மாத்திவிட்டார்.

ஜெயிச்சாச்சுன்னு வீட்ல கேசரி கிண்டி வச்சேன். சாயங்காலம் பொண்ணு வந்தா. க்ளாஸ்ல முக்கோணவியல் கணக்கு ஓடிக்கிட்டிருந்துதாம். வாத்தியார் இவளை எழுப்பிக் கேட்டிருக்கார். "எங்களுக்கு அது நடத்தல சார்"னு சொல்லியிருக்கா. மொத்த க்ளாஸும் சிரிச்சிருக்கு.

அழுவான்னு பார்த்தேன். அழல. கேசரியை எடுத்து வாயில போட்டுக்கிட்டா.

"நாளைக்கு நான் சி செக்ஷனுக்கே போயிடறேன்மா. அங்க நான்தான் ஃபர்ஸ்ட்."

"அப்ப அக்ரி?"

"அதெல்லாம் ஏ செக்ஷன் பசங்க படிக்கறதும்மா."

கோபமா சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். பாவி மக, யாரோ பஸ் நேரம் கேட்டதுக்குப் பதில் சொல்ற மாதிரி சாதாரணமாச் சொல்லிட்டு, இன்னொரு வாய் கேசரி கேட்டா.