நிலத்துக்கு ஒரு சட்டம் கேட்டோம்

மலைவாழ் மக்களின் நிலத்தை வெளியாட்கள் வாங்கக் கூடாது என்று சட்டம் கேட்டுச் சட்டமன்றத்துக்கு மனு அனுப்பலாம் என்று முதலில் சொன்னவர் என் கணவரின் அக்கா. நங்கையா என்றுதான் கூப்பிடுவேன். மலைமேல் பல ஊர்கள் சேர்ந்த அரியூர் நாட்டில் எங்கள் வயலுக்குப் பக்கத்து மேட்டை யாரோ வாங்கி, விடுதி கட்டி, கம்பிவேலி போட்டதிலிருந்து அவர் மனம் ஒரு நிலையில் இல்லை.

கையெழுத்து வாங்க இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். மிளகு பயிரிட்டிருந்த ஒருவர் பேனாவைத் தொடவே இல்லை.

"ஏனுங்க, நாளைக்கு ஒரு ஆபத்துன்னா நம்ம ஆளுங்ககிட்ட ஏதுங்க காசு? கீழ இருந்து வர்றவங்களுக்குத்தான் விக்கோணும். அதையும் அடைச்சுப்போட்டா?"

நான் வாதாடப் போனேன். நங்கையா என் கையைப் பிடித்தார். "அவரு சொல்றதுல நாயம் இருக்குது கண்ணு. அதையும் எழுதிக்க."

அவசரத்துக்கு அரசே நிலத்தின் பேரில் கடன் தர வேண்டும் என்ற வரி அப்படித்தான் மனுவில் சேர்ந்தது. மிளகுக்காரரும் கையெழுத்துப் போட்டார்.

நெடுநாள் பதிலில்லை. இடையில் நங்கையாவின் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டது. சேலத்து ஆஸ்பத்திரிக்கும் மலைக்குமாக அலைந்தார்கள். வைத்தியச் செலவுக்காகத் தன் மரவள்ளிக் காட்டை நங்கையா கீழிருந்து வந்த ஒருவருக்கு விற்றது, பத்திரம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சட்டமன்றக் குழு மலைமேல் செம்மேட்டுக்கே வந்து மனுவை விசாரிக்கப் போவதாகத் தகவல் வந்ததும் நங்கையாவிடம் ஓடினேன்.

"நீங்கதான் பேசோணும்ங்க."

"வித்தவ எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு விக்கக் கூடாதுன்னு பேசுவேன்? நீ போ சாமி."

குழுவில் ஒரு உறுப்பினர், "உங்க ஆளுங்களே விக்கிறாங்களேம்மா?" என்று கேட்டார். பெயர் சொல்லாமல் நங்கையாவின் கதையைச் சொன்னேன். கடன் கிடைத்திருந்தால் அந்தக் காடு அவரிடமே இருந்திருக்கும் என்றேன். உறுப்பினர் அதை எழுதிக்கொண்டார். பிறகு வந்த அறிக்கையில் விற்பனைத் தடை, அவசரக் கடன் இரண்டையும் சட்டமாக்கப் பரிந்துரைத்திருந்தார்கள். கடன் பற்றிய பகுதி ஏறக்குறைய எங்கள் வார்த்தைகளிலேயே இருந்தது. மசோதா இன்னும் வரவில்லை.

செய்தி சொல்லப் போனபோது நங்கையா அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார்.

"சட்டம் வந்தா, முன்னாடி வித்தது திரும்பி வருமா கண்ணு?"

"இல்லீங்க. இனிமே விக்கிறதுக்குத்தானாம்."

"செரி. உன்னுதாச்சும் நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார்.

சட்டம் வந்தால் என் பிள்ளைகளின் நிலம் தப்பும். நங்கையா இழந்ததைச் சொல்லித்தான் அந்தக் கடன் வரியை உறுதியாக்க முடிந்தது என்பது எனக்கு ஆறவேயில்லை.